இறக்கு என்றால் எதை இறக்குவது?

எண்பது வயதை நெருங்கும் நாதசுர வித்வான் ஒருவர் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் வாழ்கிறார். தம் தந்தையாரிடம் கேட்டுக் கற்ற மல்லாரிகளை எழுத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள். கற்றுக்கொள்ள வருவோரும் ஓரிருவரே. பேரனுக்கு நாதசுரம் கைவரவில்லை, கணினி கைவந்தது.

எங்கள் கல்லூரியில் பயின்று இப்போது வெளியூரில் மென்பொருள் எழுதும் மாணவர் ஒருவர், விடுமுறை நாட்களில் உழைத்து இசைக் குறியீட்டுக்கென ஒரு சிறு செயலியை உருவாக்கினார். ஸ்வரங்களைத் தட்டச்சு செய்தால் அது தாள அங்கங்களைப் பிரித்துக் கோடிடும். மேல் ஸ்தாயிக்கு மேலேயும் கீழ் ஸ்தாயிக்குக் கீழேயும் புள்ளி வைக்கும். அச்சுக்கு உரிய பக்கமாக்கித் தரும். எழுதியதை ஒலியாகவும் கேட்கலாம். அதன் கட்டளைகளுக்கெல்லாம் தமிழில் பெயர் வேண்டும் என்று அவர் எங்களை அணுகினார். தமிழ்த்துறையில் பணியாற்றும் நாங்கள் மூவர் பெருமையோடு ஒப்புக்கொண்டோம்.

எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தொகுத்தோம். நிகண்டுகளைப் புரட்டினோம். சிலப்பதிகார உரைகளைப் புரட்டினோம். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, தமிழ் மணக்கிறதா என்று பார்த்தோம். அந்தப் பெயர்களைக் கொண்டு வேலை செய்யப் போகிறவர் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பேரன் உடனிருக்க, பெரியவர் ஒரு பிற்பகல் முழுவதும் ஒரு மல்லாரியைச் சொல்லச் சொல்ல அது திரையில் எழுந்தது. முடிந்ததும் அதைச் சற்றுத் தாழ்ந்த சுருதியில் கேட்க விரும்பினார். 'இறக்கு' என்றொரு கட்டளை கண்ணில் பட்டது. தொட்டார். ஏதோ பட்டியல் வந்தது. அதிலும் ஒன்றைத் தொட்டார். மல்லாரி இருந்த இடத்தில் வேறொரு பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் பட்டியலில் 'இறக்கு' என்பது வெளியே இருக்கும் கோப்பை உள்ளே கொண்டுவருவதற்கான கட்டளை. இறக்குமதி என்பதன் சுருக்கம். அவருடைய வாழ்நாளில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பொருள் இருந்ததே இல்லை.

மறுநாள் நேரில் போய் வருத்தம் தெரிவித்தோம். "இறக்குன்னா சுருதியத்தானே சார் இறக்கணும்? இது எதை இறக்குது?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டார். தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எங்கள் மூவரிடமும் விடை இல்லை.

அந்த மல்லாரியை அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஓரிடத்தில் சங்கதி வேறாக வந்ததாகவும், முந்தைய நாள் வந்தது எதுவென்று இருவருக்கும் நினைவில்லை என்றும் பேரன் பின்னர் சொன்னான். ஆகவே, எங்கள் சொல்லால் போனது ஒரு பிற்பகல் மட்டுமன்று.

இந்நிகழ்ச்சிக்குப் பின் எங்களுக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுண்டு. இசைக் குறியீட்டுச் செயலிக்குத் தமிழில் பெயர் வைப்பதைச் சொல்லாக்கம் என்று எண்ணித் தொடங்கினோம், அங்கேயே தவறினோம். பாடம் சொல்லும் வாயிலிருந்து சொல்லைக் கேட்டு எடுக்கும் வேலை அது. எடுத்த சொல் பக்கத்துச் சொல்லோடு மோதாமல் பார்த்துக்கொள்வது அதை அடுத்த வேலை. தமிழ் படித்தவர்கள் இவ்விரண்டிலும் சறுக்குவதற்கு நம் படிப்பிலேயே காரணம் இருக்கிறது.

நாம் சிலேடையில் வளர்ந்தவர்கள். ஒரு சொல் இரு பொருள் தந்தால் மகிழ்ந்து தலையாட்டக் கற்றவர்கள். காளமேகத்தைக் கொண்டாடும் வகுப்பறையில் இரட்டுற மொழிதல் ஓர் அணி. கட்டளையில் அது விபத்து. நிகண்டாசிரியர்கள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், பல பொருளுக்குரிய ஒரு பெயரையும் வேறு வேறு பகுதிகளாகத் தொகுத்துவைத்தார்கள். அந்தப் பாகுபாட்டின் அருமையை நாங்கள் தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம்.

எங்கள் பட்டியலை வித்வான் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தபோது மோதல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 'காலம்' என்று ஒரு கட்டளை வைத்திருந்தோம். தொட்டால் உருப்படி எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று காட்டும். மல்லாரி வாசிப்பவருக்குக் காலம் என்றால் முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம்தான். நிமிடக் கணக்கை அவர் 'நேரம்' என்றே சொல்கிறார். 'தாரம்' என்று ஒன்று. பழந்தமிழ் இசையின் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனும் ஏழில் ஏழாவது அது. அதை ஒரு விசைக்குக் கொடுத்துவிட்டு, மேல் ஸ்தாயிக்கும் 'தாரம்' என்றே வைத்திருந்தோம். மூவர் கண்ணிலும் இது படாமல் போனதை இப்போதும் நம்பமுடியவில்லை.

எல்லாவற்றினும் பெரிய பிழை 'திஸ்ரம்'. "ஜாதியா, நடையா?" என்று அவர் உடனே கேட்டார். இசை அறியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். கர்நாடக இசையில் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்பன முறையே 3, 4, 5, 7, 9 எனும் எண்ணிக்கைகளைக் குறிக்கும். இவை தாளத்தின் லகு எனும் அங்கத்துக்கு வந்தால் ஜாதி. ஒவ்வோர் அட்சரத்தின் உட்பிரிவுக்கு வந்தால் நடை. திரிபுட தாளத்தைத் திஸ்ர ஜாதியில் போட்டால் 3, 2, 2 என 7 அட்சரம். அதையே சதுஸ்ர ஜாதியில் போட்டால் 4, 2, 2 என 8 அட்சரம். அதுதான் ஆதி தாளம். ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் வாசித்தால் அட்சரம் எட்டாகவே இருக்கும். ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்து 24 மாத்திரையாகும். ஒரே சொல் எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடுகிறது. பாடம் சொல்பவர் ஒருபோதும் வெறும் 'திஸ்ரம்' என்று சொல்லி நிறுத்துவதில்லை. அல்லது கையால் தட்டிக் காட்டிவிடுகிறார். செயலியின் கட்டளைக்குக் கை கிடையாது.

இவ்வகைத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மேலை இசையை அச்சிடுவதற்கு லில்லிபாண்ட் என்றொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் எனும் இரு டச்சுக்காரர்கள் 1996-இல் தொடங்கியது. அதில் இசையைச் சுட்டியால் வரைவதில்லை. எழுத்தாகத் தட்டச்சு செய்யவேண்டும். ஆகவே கட்டளைப் பெயர்கள்தாம் அதன் உயிர்நாடி. அதில் தாள அளவைக் குறிக்கும் கட்டளை 'டைம்'. இரண்டு ஸ்வரத்தின் இடத்தில் மூன்றை நிரப்புவதற்கான கட்டளை 'டைம்ஸ்'. இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு. ஒன்றை எழுத நினைத்து மற்றொன்றை எழுதிவிடுவது எளிது. போதாக்குறைக்கு, பின்னாலிருந்த எண்ணும் தலைகீழ். ஸ்வரத்தின் கால அளவை மூன்றில் இரண்டு பங்காகப் பெருக்கவேண்டும் என்பது கணினியின் கணக்கு. அதனால் 2/3 என்று எழுதவேண்டியிருந்தது. இசைஞரோ 'இரண்டின் இடத்தில் மூன்று' என்றுதான் நினைக்கிறார்.

2013 டிசம்பரில் வெளியான 2.18ஆம் பதிப்பில் 'டூப்லெட்' எனும் புதிய கட்டளை நிலைபெற்றது. அதில் எண் 3/2. சொல்லும் இசைஞர் வாயில் வழங்குவது. எண்ணும் அவர் எண்ணும் வரிசையில் அமைந்தது. பழைய பெயர் கணினி என்ன செய்கிறது என்று சொன்னது. புதிய பெயர் இசைஞர் என்ன செய்கிறார் என்று சொல்கிறது. எங்கள் 'இறக்கு' செய்த பிழையும் முன்னதுதான்: கோப்புக்கு நேர்வதைச் சொன்னது, வித்வான் செய்ய விரும்புவதைச் சொல்லவில்லை. லில்லிபாண்டைச் செய்தவர்கள் அதோடு நிற்கவில்லை. பழைய பெயரில் எழுதப்பட்ட கோப்புகள் வீணாகாதபடி அப்பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள்; பழைய கோப்புகளைப் புதிய வழக்குக்கு மாற்றித் தரும் துணைக்கருவி ஒன்றையும் உடன் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பவர் பழைய ஏடுகளுக்கும் கடமைப்பட்டவர் என்ற உணர்வு அது. உ.வே.சா.வின் மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு அது புரியவேண்டும்.

நல்ல பெயருக்கு இலக்கணம் தேடி அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. நெல்லையிலிருந்து வடகிழக்கே, ஆற்றின் ஈரம் முடிந்து கரிசல் விரியும் நிலத்தில் எட்டயபுரம் இருக்கிறது. பாரதி பிறந்த ஊர் என்றே இலக்கிய வாசகர்கள் அதை அறிவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அவ்வூரில்தான். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தச் சமஸ்தானத்து வித்வான். பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனாகப் பிறந்து அவருக்கே சுவீகார புத்திரரான சுப்பராம தீட்சிதர் (1839-1906), 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' எனும் பெருநூலை 1904-இல் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தின் வழியே வெளியிட்டார். நம் இசையை மேலைக் குறியீட்டில் அச்சிடும் பெருமுயற்சியில் 1890களில் இறங்கிய சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும், எட்டயபுரம் ஜமீனின் ஆதரவும் அதன் பின்னணியில் இருந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் ஸ்வரத்தோடு அதில் அச்சேறின.

நூல் தெலுங்கில் அமைந்தது. எங்கள் வியப்பு வேறிடத்தில். கமகங்களை எழுத்தில் காட்டச் சுப்பராம தீட்சிதர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியும் ஒரு பெயரும் தருகிறார். கம்பிதம், ஸ்புரிதம் முதலான சாஸ்திரப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றோடு கூடவே நொக்கு, கண்டிப்பு, ஒதுக்கல், ஜாரு என்று வீணைக்காரர் வீட்டில் புழங்கும் பெயர்களும் நூலேறியிருக்கின்றன. தந்தியை ஒரே மெட்டின் மேல் பக்கவாட்டில் ஒதுக்கி மேல் ஸ்வரத்தைப் பிடிப்பது ஒதுக்கல். அழுத்தி எழுப்புவது நொக்கு. தந்தியின் மேல் விரல் வழுக்கிப்போவது ஜாரு. மேலே போனால் ஏற்ற ஜாரு, கீழே வந்தால் இறக்க ஜாரு என்று தமிழில் வழங்குகிறோம். முன்னதற்கு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு. பின்னதற்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த கோடு. கம்பிதத்துக்கு அலைக்கோடு.

இவற்றில் சில தெலுங்கு, சில தமிழ், சில வடமொழி. எந்த மொழி என்பதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. விரல் என்ன செய்கிறதோ அதுவே பெயராகியிருக்கிறது. 'இறக்க' என்று தனியே நிற்கவில்லை. எதன் இறக்கம் என்று சொல்லும் 'ஜாரு' கூடவே நிற்கிறது. நூறாண்டுக்கு முன் தெலுங்கில் எழுதிய ஒருவர், இசை கற்பவனின் கையை நினைத்துப் பெயரிட்டார். தமிழில் எழுதிய நாங்கள் மூவரும் எங்கள் புலமையை நினைத்துப் பெயரிட்டோம்.

பெயர்கள் தம்முள் வேறுபட்டு நிற்கவேண்டும் என்ற அக்கறையும் பழையது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து சாரா குளோவர் எனும் ஆசிரியை, ஸ்வரங்களை முதலெழுத்தாலேயே குறிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தபோது, 'ஸோல்', 'ஸி' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும் இடர்ப்பாட்டைக் கண்டார். 'ஸி'யை 'டி' ஆக்கினார். ச ரி க ம ப த நி எனும் நம் ஏழுக்கு அந்த இடர்ப்பாடே இல்லை. புதுக்கோட்டைப் பகுதியின் குடுமியான்மலைக் கல்வெட்டில், 7ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வர எழுத்துகள் உயிர் மாறி மாறி வருகின்றன. வேங்கடமகி மரபில் மூன்று ரிஷபங்கள் ரா, ரி, ரு ஆகின்றன. 'டைம்', 'டைம்ஸ்' போலத் தற்செயலாக நேர்ந்த ஓரெழுத்து வேறுபாடு அன்று இது. ஒழுங்கான வேறுபாடு. ஒன்றைக் கற்றால் மற்றவை தாமே விளங்கும்.

இனி, எங்களிடம் சொல்லப்பட்ட மறுப்புகள். முதலாவது, ஆங்கிலப் பெயர்களையே வைத்துவிட்டால் என்ன என்பது. கைப்பேசியில் எல்லோரும் ஆங்கிலச் சொற்களைத் தொட்டுப் பழகியவர்கள்தாமே என்கிறார்கள். சேமிப்பதற்கும் அச்சிடுவதற்கும் அது பொருந்தலாம். எடுப்புக்கு என்ன செய்வார்கள்? தாளத்தின் தொடக்கத்துக்கு முன்னோ பின்னோ பாட்டு எடுக்கும் இடத்தை நாம் எடுப்பு என்கிறோம். லில்லிபாண்டில் இதற்கு ஏறத்தாழ இணையான கட்டளைக்குப் 'பகுதியளவு' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. முதல் அளவு முழுமையாக இல்லை என்று குறையைச் சொல்கிற பெயர். நம்முடையது பாடுபவர் செய்வதைச் சொல்கிற பெயர். கையிலிருக்கும் நல்ல சொல்லை விட்டுவிட்டுக் குறையுள்ள சொல்லைக் கடன் வாங்குவது சிக்கனமாகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஜாதி, நடை, ஸ்தாயி என்று கலப்பாக விட்டுவிட்டால் தமிழிசைக்காக உழைத்தவர்களின் உழைப்பு என்னாவது என்று நண்பர் ஒருவர் வருந்தினார். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதே என்றார். அவருடைய வருத்தம் மதிக்கத்தக்கது. ஆயினும் மெலிவு, சமன், வலிவு என்பவற்றை வகுப்பறையிலும் நூலிலும் பாடுபவர் வாயிலும் முதலில் வழங்கச் செய்யவேண்டும். வழங்கத் தொடங்கிய அன்று கட்டளையாகவும் அவை வந்து சேரும். வழக்கில் இல்லாத சொல்லை எண்பது வயதுக்காரர் ஒருவரின் கையில் பொத்தானாகத் திணிப்பது இயக்கமாகாது.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. வழக்கு என்கிறீர்களே, யாருடைய வழக்கு? வாய்ப்பாட்டுக்காரர் சொல்வது ஒன்று, நாதசுரக்காரர் சொல்வது ஒன்று. 'மேளம்' என்றால் ஒருவருக்கு 72 மேளகர்த்தாக்கள், எங்கள் வித்வான் சிரித்துக்கொண்டே சொன்னதுபோல மற்றொருவருக்கு "மேளம்னா நாங்கதான்". இதற்கு எங்கள் விடை: ஒரு செயலுக்கு இரண்டு பெயர் இருக்கலாம், ஒரு பெயருக்கு இரண்டு செயல் இருக்கக்கூடாது. ஸ்தாயி என்று தேடினாலும் மண்டிலம் என்று தேடினாலும் ஒரே இடத்துக்குப் போகலாம். 'மேளம்' என்று தனியாக ஒன்று வேண்டாம். 'மேளகர்த்தா தேர்' என்றிருக்கட்டும்.

கடைசியாகச் சொன்னதில் தமிழ் இலக்கணம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. கட்டளை என்பது ஏவல் வினை. ஆங்கிலத்தில் வினை முன்னே வரும், பொருள் பின்னே வரும். தமிழில் செயப்படுபொருள் முன்னே வந்து வினை முடித்துவைக்கும். 'சுருதி இறக்கு', 'சுருதி ஏற்று', 'நடை மாற்று', 'ஜாதி மாற்று', 'எடுப்பு அமை', 'கோப்பு கொண்டுவா'. இப்படி அமைத்தால் 'சுரு' என்று தட்டிய உடனேயே சுருதி தொடர்பான கட்டளைகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எதைத் தொடப்போகிறோம் என்பது முதலில் தெரிகிறது. என்ன செய்யப்போகிறோம் என்பது பிறகு. இழப்பைத் தவிர்க்க இதைவிட நல்ல வரிசை இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் 'ஆனால்' என்று வைப்பது இந்த இயல்பை உணர்ந்த செயல். நாங்களோ செயப்படுபொருளை வெட்டிவிட்டு ஒற்றைச் சொல்லின் அழகுக்கு ஆசைப்பட்டோம்.

இப்போது பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கிறோம். இம்முறை நிகண்டு மேசைமேல் இல்லை. வித்வான் தம் மாணவருக்குப் பாடம் சொல்லும்போது மூன்று மாலைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வரும் ஏவல் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டோம். புரியாத இடத்தில் மட்டும் கேட்டோம். எழுபதுக்கும் மேலிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் மாறின. உள்ளே கோப்பைக் கொண்டுவரும் கட்டளை, இருப்பதை அழித்துவிடாமல் வேறு பக்கத்தில் திறக்கும்படி மாணவர் நிரலையும் மாற்றிவிட்டார். பெயரின் பிழையைப் பெயரால் மட்டும் தீர்க்கமுடியாது என்று அவர் சொன்னது சரியே.

மல்லாரி இப்போது அச்சுப் பக்கமாக இருக்கிறது. ஓரிடத்தில், ஒரே ஒரு தாள வட்டத்தின் மேல், பேரன் சிறியதாக ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறான்.